செவலையின் பிடரியில் ஒரு சுழி

கட்டுத்தறியில் சும்மா நிற்கும் குதிரை உங்கள் வீட்டு ஆளைக் கொல்லுமா? உதைத்துக் கொல்வதைப் பற்றிய கேள்வி இல்லை இது. குதிரை அது பாட்டுக்குப் புல் தின்றுகொண்டிருக்கிறது. ஏழு கிலோமீட்டர் தள்ளி, மழை பெய்த சாலையில், பின்விளக்கு இல்லாத டிராக்டர் மீது பைக் மோதி ஒரு மனிதர் சாகிறார். கொன்றது குதிரையா?

இல்லை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதே ஆட்கள்தான் துக்கம் விசாரிக்க வந்த வீட்டில் குரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்தக் குதிரைய எப்ப வாங்குனாக?" என்று கேட்பார்கள். கருப்பியின் வீட்டில் அப்படிக் கேட்டவர்களில் ஒரு கணக்கு ஆசிரியரும் உண்டு.

கருப்பிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி போகும் வழியில், தரைக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றின் பின்புறம், தகரக் கூரை போட்ட லாயம் அவருடையது. சவாரிக் குதிரைகளை வாங்கி, பழக்கி, விற்கிறார். பிள்ளைகள் ஏறிப் பழகும் மட்டக் குதிரை, காது நுனி இரண்டும் ஒன்றையொன்று தொடும் கத்தியவாரி, நெடுநெடுவென நிற்கும் மார்வாரி, பந்தயத்தில் ஓடித் தேய்ந்து கழிக்கப்பட்ட குதிரை எல்லாம் அந்தக் கூரைக்கு வந்து போயிருக்கின்றன. பழைய வீடுகளை விடுதியாக்கியவர்கள் வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக வாங்குகிறார்கள். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் வாங்குகிறார்கள். ஒரு குதிரையும் ஒரு செல்போனும் இருந்தால் உலகத்தையே பிடித்துவிடலாம் என்று நினைக்கும் இளவட்டங்களும் வாங்குகிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவது தனி.

கணவர் மாயக்கண்ணன் இருந்தவரை, வாங்குவது அவர் வேலை, சந்தேகப்படுவது கருப்பியின் வேலை. குதிரை விற்க வருகிறவரிடம் கருப்பி மரியாதையாகத் தண்ணீர் கொடுப்பார், உட்காரச் சொல்வார், ஒரு வார்த்தையைக்கூட நம்பமாட்டார். வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்று பல்லைப் பார்ப்பார். நரைத்த முடிக்குச் சாயம் போட்டிருப்பார்கள் என்று ஈரத் துணியால் துடைத்துப் பார்ப்பார். பிறகு குதிரையைத் தார்ச்சாலையில் ஓட்டச் சொல்லிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார்.

திண்டுக்கல் பக்கமிருந்து வெள்ளைக் குதிரையோடு வந்த ஒருவருக்கு இது அவமானமாகப் போய்விட்டது. "என்னம்மா, குதிரையப் பாக்காம அங்குட்டுத் திரும்பி நிக்கிறீக?"

"நீங்க ஓட்டுங்கண்ணே. பாக்குறதுக்கு எங்க வீட்டுக்காரரு இருக்காரு. நான் கேக்குறேன்."

நாலு குளம்பும் சாலையில் ஒரே மாதிரி விழ வேண்டும். ஒன்று லேசாகத் தயங்கினாலும் காலில் கோளாறு. அலங்காரமும் மினுமினுப்பும் கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றாது. வெள்ளைக் குதிரை இரண்டு தடவை போய்த் திரும்பியது.

"இடது பின்னங்காலு என்னமோ சொல்லுதுண்ணே. வலிக்கு ஊசி எப்பப் போட்டீக?"

"ஊசியா? என்ன ஊசி?"

"சரி, போடலைன்னே வச்சுக்குவோம். ராத்திரி இங்கனயே தங்குங்க. காலையில மறுபடியும் ஓட்டிப் பாப்போம்."

அவர் தங்கவில்லை.

இப்படிப்பட்ட கருப்பி சந்தேகப்படாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். சுழி.

குதிரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதலில் பார்ப்பது காலை அல்ல, சுழியை. முடி வட்டமாகச் சுற்றி முளைத்திருக்கும் இடம் அது. உங்கள் தலையிலும் ஒன்று இருக்கிறது, கண்ணாடியில் பார்க்க வராது என்பதால் மறந்துவிடுகிறீர்கள். குதிரையின் உடம்பில் அது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு பலன். காலில் இருந்தால் விலங்குச் சுழியாம், வாங்கியவன் சிறைக்குப் போவானாம். ஓரிடத்தில் இருந்தால் ராஜ சுழி, வாங்கியவனுக்கு யோகம். இன்னோரிடத்தில் பாடைச் சுழி, வீட்டில் பிணம் விழும். நல்ல காலும் நல்ல நெஞ்சும் உள்ள குதிரைகள் இந்தப் பெயர்களால் பாதி விலைக்குப் போகின்றன. நொண்டிக் குதிரைகள் இதே பெயர்களால் இரண்டு மடங்குக்குப் போகின்றன. மாயக்கண்ணன் சுழி பார்ப்பார். கருப்பி அதில் தலையிடமாட்டார். மழை, வெயில் போல அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டார்.

செவலை அந்த வீட்டுக்கு வந்தது மாயக்கண்ணன் இறப்பதற்கு நான்கு வருடங்களுக்கு முன். மேற்கே ஆடி மாதத்தில் கூடும் சந்தையில், தரகர் செல்வம் முடித்துக் கொடுத்த கத்தியவாரிப் பெட்டை. செம்மண் நிறம். செல்வம் மாயக்கண்ணனுக்கு இருபது வருடப் பழக்கம், கருப்பியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கல்யாண ஊர்வலங்களில் செவலைக்குத்தான் கிராக்கி. வேட்டுச் சத்தத்துக்கு மட்டும் மிரளும். கருப்பி கடிவாளத்தைப் பிடித்தால் மிரளாது. அதனால் மாப்பிள்ளை செவலைமேல் வருவார், செவலை கருப்பியின் பின்னால் வரும்.

போன ஐப்பசியில், அந்த டிராக்டர் மீது மோதி மாயக்கண்ணன் இறந்தார். மூன்றாம் நாளே வீட்டுக்குள் ஒரு சொல் சுற்றத் தொடங்கியது. பாடைச் சுழி. செவலையின் பிடரிமயிர் முடியும் இடத்தில், வலது பக்கம், எட்டணாக் காசு அளவுக்கு ஒரு சுழி இருந்தது. நான்கு வருடமாக அது அங்கேதான் இருந்தது. நான்கு வருடமாக யாரும் செத்திருக்கவில்லை. அதை யாரும் சொல்லவில்லை.

மாயக்கண்ணனின் தம்பி காளிதாஸ் விவசாயி, அடுத்த வீடு. நல்ல மனிதர்தான். பயம் நல்ல மனிதர்களைத்தான் முதலில் பிடிக்கிறது.

"மதினி, அத இந்தக் கூரைக்குள்ள வச்சுக்காதீக. எனக்கும் பிள்ளைக இருக்கு."

கருப்பி செவலையை அவிழ்த்துக்கொண்டுபோய் வாய்க்கால் ஓரம் புளியமரத்தில் கட்டினார். அடைமழை. பதினான்கு நாள் அது சேற்றில் நின்றது. அந்தப் பதினான்கு நாளைப் பற்றி யாராவது கேட்கும் முன்பே கருப்பி சொல்லிவிடுவார்: "நாந்தான் கட்டுனேன். யாரும் என் கையப் புடிச்சுக் கட்ட வைக்கல."

அந்த நாட்களில்தான் நாச்சியப்பன் துக்கம் கேட்க வந்தார். கார்த்திகையில் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் செவலையைச் சொல்லியிருந்தார்கள். ரொம்பப் பண்பாகப் பேசினார். வேறு குதிரை இருந்தால் நல்லது என்றார். பிறகு துண்டைச் சரிசெய்துகொண்டு, "தப்பா நெனச்சுக்காத ஆத்தா. எங்க ஆச்சி கொஞ்சம் பழைய ஆளு. கடிவாளத்தையும் வேற யாராச்சும் புடிச்சா…" என்றார்.

"நாலு வருசமா நாந்தானே புடிச்சேன் ஐயா."

"அப்பச் சரி ஆத்தா. இப்ப…" அவர் கண் கருப்பியின் கைக்குப் போனது. கை அதே கைதான். அதில் வளையல் மட்டும் இல்லை.

குதிரைக்குப் பிடரியில் குறி, பெண்ணுக்கு வெறுங்கையில் குறி. இரண்டையும் பார்த்து ஒதுங்குகிறவர்கள் கொலைகாரர்கள் இல்லை, பண்பானவர்கள். அதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது.

செவலை போனால் கருப்பிக்கு மிஞ்சுவது வயதான இரண்டு மட்டக் குதிரைகள். அவற்றை வைத்து வியாபாரம் நடக்காது. லாயத்தை மூடிவிட்டு முன்பக்கத்துப் பட்டறையில் தரைக்கல் அடுக்கும் கூலிக்குப் போக வேண்டியதுதான். எல்லோரும் அவரிடம் கேட்டது அதைத்தான், வேறு வார்த்தைகளில்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த அன்றே செல்வம் மினி லாரியோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, இத நான் கொண்டுபோயிர்றேன். உள்ளூர்ல ஒருத்தனும் தொடமாட்டான். ஏதோ என்னால ஆனதக் குடுக்குறேன்."

"நீங்க மட்டும் தொடுறீகளே அண்ணே?"

"நமக்கென்னத்தா, தரகன். எந்தச் சுழியும் நமக்கு ஒட்டாது."

காளிதாஸ் ஓடிப்போய்ச் செவலையை அவிழ்த்தார். கயிற்றைச் சுண்டி இழுத்தபோது செல்வம் பதறினார். "மெதுவா, மெதுவா. ஏறிக்கீறி உக்காந்துறாதப்பா. நடத்தியே கூட்டிட்டு வா."

கருப்பி பார்த்துக்கொண்டிருந்தார். செல்வம் குதிரையின் பல்லைப் பார்க்கவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. இத்தனை நாள் மழையில் நின்ற குதிரையை ஓரடி நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. இருபது வருடத்தில் இந்த மனிதர் ஒரு மட்டக் குதிரையைக்கூட இப்படி வாங்கியதில்லை. கருப்பி லாரியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்குப் புது வைக்கோல் பரப்பியிருந்தது. நாலு பக்கமும் சாக்கு கட்டியிருந்தது.

"இன்னைக்கு வேணாம்ணே. மூணு நாள் கழிச்சு வாங்க."

"இன்னைக்குத்தாந்தா நல்ல நேரம்னு…"

"நேரம் பாத்துத்தான் போகணும்னா, மூணு நாள் கழிச்சும் ஒரு நேரம் வரும்ணே."

லாரி போனது. காளிதாஸ் கத்தினார். ஆகாத குதிரைக்கு இவ்வளவு பெரிய மெத்தை எதற்கு என்ற ஒரே கேள்விதான் கருப்பியின் தலைக்குள் இருந்தது.

மறுநாள் செவலை முன்னங்காலை ஊன்ற மறுத்தது. கால்நடை மருத்துவர் ஹேமாவதியை வரவழைத்தார்கள். சேற்றில் நின்று குளம்பு அழுகத் தொடங்கியிருந்தது.

"யாரு இத மழையில கட்டுனது?"

"நாந்தான் டாக்டரம்மா." கருப்பி சுழியைக் காட்டினார்.

ஹேமாவதி அதை ஒரு கணம் பார்த்தார். "தெனமும் அம்பது சுழியத் தொடுறேன். அப்படிப் பாத்தா நான் வேலைக்குச் சேந்த முதல் வாரமே போயிருக்கணும்." பையைத் திறந்தார். "சினை ஏதும் இல்லையே? மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி தெரியணும்."

"இல்ல" என்று வாயெடுத்த கருப்பி நிறுத்திக்கொண்டார். மெதுவா, மெதுவா. ஏறி உக்காந்துறாத. முழங்கால் உயர வைக்கோல்.

"பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா."

ஹேமாவதி நீள உறையை மாட்டிக்கொண்டு சோதித்தார். நேரம் எடுத்துக்கொண்டார். "மூணு மாசம் இருக்கும்" என்றார்.

மூன்று மாதத்துக்கு முன் ஆவணி. தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்யாணம் என்று மாயக்கண்ணனும் செல்வமும் செவலையைக் கொண்டுபோய் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். அந்த ஒரு தடவைதான் கருப்பியை வர வேண்டாம் என்றார் மாயக்கண்ணன். சினை நிலைத்ததும் சொல்லலாம் என்று நினைத்தாரோ, வீண் செலவு என்று மனைவி திட்டுவார் என்று மறைத்தாரோ, இனி அதை யாரிடம் கேட்பது?

கேட்க ஒன்று இருந்தது. மாயக்கண்ணனின் செல்போன். வாடிக்கையாளர்கள் அந்த எண்ணுக்குத்தான் பேசுவார்கள் என்பதால் கருப்பி அதை உயிரோடு வைத்திருந்தார். உட்கார்ந்து அதிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஆவணியில் கல்யாணம் எதுவும் இல்லை. ஒரு பண்ணையில் கறுப்பு மார்வாரி ஆண் குதிரை, அதன் பக்கத்தில் செவலை, வேலியில் சாய்ந்து சிரிக்கும் செல்வம். இன்னும் பின்னால் தள்ளினார். நான்கு வருடத்துக்கு முந்தைய சந்தை வீடியோ. செல்வம் செவலையின் பிடரிமயிரை விலக்கி, கேமராவுக்கு விரல் வைத்துக் காட்டுகிறார். கருப்பி அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி நாலைந்து தடவை கேட்டார்.

பிறகு, வந்தவர்களையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு, பாடைச் சுழி என்று உனக்கு யார் சொன்னது என்று ஒவ்வொருவராக விசாரித்தார். காளிதாஸ் பெரியப்பாவைக் காட்டினார். பெரியப்பா கணக்கு ஆசிரியரைக் காட்டினார். ஆசிரியர் சற்று யோசித்து, "அந்தத் தரகர் செல்வம்தான், மயானத்துலருந்து வரும்போது சொன்னாப்ல" என்றார்.

மூன்றாம் நாள் செல்வம் வந்தார். லாரியில் அதே வைக்கோல். செவலையைக் கூரைக்குள் விடக் காளிதாஸ் இன்னும் சம்மதித்திருக்கவில்லை; புளியமரத்தடியில் அவரும் சொந்தக்காரர்கள் சிலரும் கூடியிருந்தார்கள். கருப்பி செல்வத்துக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"அண்ணே, எனக்குச் சுழி தெரியாது. எது பாடைச் சுழின்னு ஒரு தடவ காட்டுங்க. மனசு அடங்கட்டும்."

செல்வம் பிடரிமயிரை விலக்கி விரலை வைத்தார். "இந்தா, இதுதாந்தா. பாத்துக்க."

"விரல எடுக்காம அங்கேயே வச்சுருங்க" என்று சொல்லிவிட்டு, கருப்பி செல்போனைக் காளிதாஸின் முகத்துக்கு நேரே பிடித்தார். அதே விரல், அதே இடம். சந்தை இரைச்சலுக்கு நடுவில் செல்வத்தின் குரல் தெளிவாக வந்தது: "மாப்ள, இங்க பாரு. ராஜ சுழி. இது நிக்கிற எடத்துல யோகம் வந்து நிக்கும்."

செல்வம் விரலை எடுத்தார்.

"அது… அப்பச் சின்ன வயசுக் குதிரை. வளர வளரச் சுழி மாறும்தா."

"எங்குட்டு மாறுச்சுண்ணே? வச்ச விரல் வச்ச எடத்துலதான இருக்கு."

"நான் ஒனக்கு நல்லது செய்யத்தான்…"

"செனையா இருக்கிற குதிரைய, செனைன்னு சொல்லாம, பாடைன்னு சொல்லி ஓட்டிட்டுப் போறதா நல்லது?"

"மாப்ள ஒனக்குச் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டார் செல்வம். கேட்ட பிறகுதான், தெரியும் என்று தானே ஒப்புக்கொண்டுவிட்டது அவருக்கு உறைத்தது. சாவியை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார்.

"அண்ணே, வைக்கோல எறக்கிட்டுப் போங்க" என்றார் கருப்பி. "இங்க நனையாத வைக்கோல் இல்ல."

செல்வம் ஏறி உட்கார்ந்துகொண்டு முன்பக்கமே பார்த்தார். வைக்கோலை இறக்கியது காளிதாஸ். அள்ளி அள்ளிக் கூரைக்குக் கீழே கொண்டுபோய்ப் பரப்பினார். பிறகு மதினியின் முகத்தைப் பார்க்காமல் புளியமரத்துக்குப் போய், நொண்டும் செவலையைக் கையால் தாங்கித் தாங்கி உள்ளே கூட்டிவந்தார்.

ஆடியில் செவலை குட்டி போட்டது. கறுப்புப் பெட்டைக் குட்டி. ஊர் திரண்டு வந்தது. கணக்கு ஆசிரியரும் வந்தார். "பாத்தியா கருப்பி, கடைசியில அது ராஜ சுழிதான்."

"போன ஐப்பசியில பாடைன்னீக. இந்த ஆடியில ராஜான்றீக. நடுவுல நான் அதுக்கு முடி வெட்டல சார்."

நன்மை வந்தால் ஒரு பெயர், தீமை வந்தால் ஒரு பெயர். மாயக்கண்ணனைக் கொன்றது விளக்கில்லாத டிராக்டர். அந்த டிராக்டருக்கு எந்தச் சுழி என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அது இன்னும் அதே சாலையில், அதேபோல் பின்விளக்கு இல்லாமல்தான் ஓடுகிறது. குதிரைமேல் பழியைப் போட்டுவிட்டால் டிராக்டர்காரருக்கு எவ்வளவு நிம்மதி.

இப்போது கருப்பியே வாங்குகிறார், விற்கிறார். தார்ச்சாலையில் முதுகைக் காட்டி நிற்பது மாறவில்லை. ஒன்று மட்டும் புதிது. சுழி பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுக்கமாட்டார். செல்போனை எடுத்துக்கொள்வார். "பாருங்க. பாத்துட்டு, என்ன சுழி, என்ன பலன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க, புடிச்சுக்கிறேன். பின்னால நீங்க விக்க வருவீகள்ல, அன்னைக்குப் போட்டுக் காட்டுறேன்." இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் பிடரியை விட்டுவிட்டுக் குளம்பைப் பார்க்கக் குனிகிறார்கள்.

கல்யாணங்களுக்கும் மறுபடி கூப்பிடுகிறார்கள். ராஜ சுழிக் குதிரை என்று கேட்டே கூப்பிடுகிறார்கள். குதிரையை மன்னித்துவிட்டார்கள். கருப்பியை இன்னும் மன்னிக்கவில்லை. கடிவாளத்தைக் காளிதாஸ்தான் பிடிக்கிறார். கருப்பி பத்தடி பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறார். வேட்டு வெடிக்கும்போதெல்லாம் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுக்கிறார். அதைத் தேடிச் செவலையின் இரண்டு காதும் பின்னால் திரும்பியபடியே இருக்கின்றன. மேலே மாப்பிள்ளை கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, பயத்தில் சிரித்துக்கொண்டு போகிறார்.

வரும் தையில் உங்கள் வீட்டில் கல்யாணம் இருக்கலாம். எந்த ஊரிலும் இருக்கலாம், குதிரை யாருடையதாகவும் இருக்கலாம். குதிரைக்குச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அதை வளர்த்த கை எதுவோ, கடிவாளம் அந்தக் கையில் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது முகம் சுளித்தால், ஏன் என்று கேளுங்கள். பதிலைச் செல்போனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.